உங்கள் ஊர் எஃப்.எம். கைமாறினால் பாட்டும் மாறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை நிகழ்ச்சி ஆர்.ஜே. இரண்டு நாள் லீவு போட்டால் போதும், "ஸ்டேஷனை வித்துட்டாங்களாம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடுகிறது. கூடவே இன்னொரு யூகமும் சேர்ந்துகொள்ளும்: இனிமேல் முழுக்கப் பழைய பாட்டுதானாம், இல்லை முழுக்க இந்திப் பாட்டாம், இல்லை பக்திப் பாட்டாம். வானொலிப் பைத்தியம் என்று வீட்டில் பெயர் வாங்கியவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே.

எஃப்.எம். நிலையத்தை விற்கிறார்கள் என்றால் எதை விற்கிறார்கள்?

98.3, 93.5 என்று நாம் சொல்லும் அலைவரிசையை யாரும் விற்க முடியாது, அது அவர்களுடையதே இல்லை. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிலையம் நடத்துகிறவர் கையில் இருப்பது குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட அலைவரிசையில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒலிபரப்பிக்கொள்ளலாம் என்கிற மத்திய அரசின் அனுமதி மட்டும்தான். பெருநகரங்களில் கோபுரம்கூட அவரவருடையது இல்லை. தனியார் நிலையங்கள் பொதுக் கோபுரம் ஒன்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஆகவே கைமாறுவது அந்த அனுமதியை வைத்திருக்கும் கம்பெனி, அல்லது அதன் பங்குகள். அதோடு பெயர், லோகோ, விளம்பரதாரர் தொடர்புகள், வேலை செய்கிறவர்கள், கடன்கள். குத்தகை வீட்டில் இருப்பவர் வீட்டை விற்க முடியாது, தன் கடையை வேண்டுமானால் விற்கலாம். ஏறக்குறைய அந்தக் கதைதான்.

அப்படியென்றால் முதலாளி நினைத்த நேரத்தில் கம்பெனியை விற்றுவிடலாமா?

முடியாது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். ஏலத்தில் எடுத்த நிலையங்கள் எல்லாம் ஒலிபரப்பைத் தொடங்கிய பிறகும் மூன்று ஆண்டுகளுக்குப் பெரும்பான்மைப் பங்குதாரர் மாறக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. ஒரே ஊரில் ஒருவருக்கு எத்தனை நிலையங்கள் இருக்கலாம் என்பதற்கும் அளவுண்டு. 2005 கொள்கையில், அதாவது இரண்டாம் கட்ட உரிமங்களில், ஊருக்கு ஒன்றுதான். மூன்றாம் கட்டத்துக்கான 2011 கொள்கையில் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், ஆனால் அந்த ஊரின் மொத்த நிலையங்களில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, குறைந்தது மூன்று வெவ்வேறு நிறுவனங்களாவது இருக்க வேண்டும். நாட்டின் மொத்த அலைவரிசைகளில் ஒருவருக்கு 15 விழுக்காடு என்றிருந்த உச்சவரம்பை 2022 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். பெரிய குழுமங்கள் இன்னும் பெரிதாக வழி திறந்தது அப்போதுதான்.

அந்தப் பழைய "ஊருக்கு ஒன்று" விதி எப்படிக் கடித்தது என்பதற்கு ஓய் எஃப்.எம். நல்ல உதாரணம். டிவி டுடே நிறுவனம் இந்தப் பெயரில் நடத்திய தன் ஏழு நிலையங்களையும் மிர்ச்சி நடத்தும் நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் மிர்ச்சி ஏற்கெனவே இருந்ததால் அந்த மூன்றுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் அமிர்தசரஸ், ஜோத்பூர், பட்டியாலா, சிம்லா ஆகிய நான்கு மட்டும் கைமாறின. வாங்குகிறவர் ஆசைப்பட்டது பெருநகரம், கிடைத்தது மலைவாசஸ்தலம்.

பிக் எஃப்.எம்.-ஐ யார் யாரோ வாங்கியதாகப் படித்தேன். உண்மையில் என்னதான் நடந்தது?

"வாங்கிவிட்டார்கள்" என்ற தலைப்புச் செய்திக்கும் உண்மையில் வாங்குவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல கதை இந்திய வானொலியில் கிடையாது.

92.7 பிக் எஃப்.எம். அனில் அம்பானி குழுமத்தின் ரிலையன்ஸ் பிராட்காஸ்ட் நெட்வொர்க் நிறுவனத்துடையது. 2006-ல் ஆரம்பித்து சென்னை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒலித்தது. குழுமத்துக்குக் கடன் நெருக்கடி வந்தபோது 2016 நவம்பரில் ஜீ குழுமம் வானொலியில் 49 விழுக்காட்டை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஏன் 49? மேலே சொன்ன மூன்றாண்டுப் பூட்டுதான் காரணம். அந்தப் பேரம் முடியவில்லை.

அடுத்து 2019 மே மாதம். ரேடியோ சிட்டியை நடத்தும் மியூசிக் பிராட்காஸ்ட், அதாவது ஜாக்ரன் பத்திரிகைக் குழுமம், பிக் எஃப்.எம்.-ஐ 1,050 கோடி ரூபாய் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது. முதலில் 24 விழுக்காடு, பிறகு மீதி என்று திட்டம். நாளிதழ்களில் "இந்தியாவின் மிகப்பெரிய வானொலி வலையமைப்பு" என்றெல்லாம் எழுதினார்கள். அமைச்சகத்தின் அனுமதி கிடைக்கவில்லை; 2020-ல் அதுவும் கைவிடப்பட்டது. அதற்குள் கொரோனா வந்து விளம்பர வருவாய் பாதாளத்துக்குப் போயிருந்தது.

2023-ல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2024 மே மாதம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் சஃபையர் மீடியா என்ற நிறுவனத்தின் 261 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

1,050 கோடி சொன்ன பொருளுக்கு ஐந்தே ஆண்டுகளில் 261 கோடி. அதே பெயர், அதே 92.7. இத்தனை ஆண்டுகளும் சென்னையில் ரேடியோவைத் திருப்பியவருக்கு இதில் எதுவுமே காதில் விழுந்திருக்காது என்பதுதான் வேடிக்கை. ஆர்.ஜே. சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

சென்னையில் எந்த நிலையம் யாருடையது?

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு பத்திரிகையோ தொலைக்காட்சியோ இருக்கும். சூரியன் 93.5 சன் குழுமம். ஹலோ 106.4 தினத்தந்தி குழுமம். மிர்ச்சி 98.3 டைம்ஸ் குழுமம். ரேடியோ சிட்டி 91.1-ஐ ஜாக்ரன் குழுமம் ஒரு முதலீட்டு நிதியத்திடமிருந்து வாங்கியது, 2015-ல். ஃபீவர் 91.9 இந்துஸ்தான் டைம்ஸ் குழுமம். அந்த 91.9-ல் முன்பு குமுதம் குழுமத்தின் ஆஹா எஃப்.எம். ஒலித்தது பலருக்கு நினைவிருக்கலாம். 2019-ல் ரேடியோ ஒன் நிறுவனத்தின் தாய்க் கம்பெனியில் 51 விழுக்காட்டை இந்துஸ்தான் டைம்ஸ் குழுமம் வாங்கியதால், சென்னையில் 94.3-ம் அதே குடைக்குள் வந்தது. முத்தூட் குழுமம் 104.8-ல் சென்னை லைவ் என்று ஆங்கிலத்தில், அதுவும் பேச்சையே பிரதானமாக வைத்து, ஒரு நிலையம் ஆரம்பித்தது. அந்தத் துணிச்சலுக்கு என் தனிப்பட்ட வணக்கம்.

சரி, முதலாளி மாறினால் பாட்டு மாறுமா?

பெரும்பாலும் உடனே மாறாது. வாங்குகிறவர் காசு கொடுத்ததே அந்தப் பெயருக்கும் அதன் விளம்பரதாரர்களுக்கும்தான். வந்த மறுநாளே அதை உடைக்க மாட்டார். முதலில் மாறுவது நம் காதுக்குத் தெரியாத இடங்கள்: விளம்பரம் விற்கும் ஆட்கள், கணக்கு, அலுவலகக் கட்டடம். பிறகு இரவு நேரம். நடுநிசி முதல் விடியற்காலை வரை ஆளில்லாமல் கணினி பாடல் போட ஆரம்பிக்கும். அதற்கும் பிறகு வார இறுதி. ஒரு நிலையத்தின் காலை ஏழு முதல் பதினொன்று வரை கை வைத்தார்கள் என்றால்தான் உண்மையாகவே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் விளம்பரப் பணத்தின் பெரும் பங்கு வரும் நேரம் அது.

ஆனால் ஒரு சூழ்நிலையில் பாட்டு மாறியே தீரும்: வாங்குகிறவருக்கு அதே ஊரில் ஏற்கெனவே ஒரு நிலையம் இருந்தால். தன் கடைக்கு எதிரிலேயே தானே அதே கடையைத் திறப்பாரா யாராவது? இரண்டில் ஒன்றை வேறு வயதினருக்கு நகர்த்துவார். டெல்லியில் இது நடந்தது. ஃபீவர் 104-ல் புதுப் பாட்டு ஓட, 2015 ஏலத்தில் எடுத்த 107.2-ல் அதே குழுமம் ரேடியோ நஷா என்று பழைய இந்திப் பாடல்களைப் போட்டது. மும்பையிலும் அதே ஏற்பாடு, அங்கே 91.9. ஆகவே யூகம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் "யார் வாங்குகிறார்" என்று கேட்பதைவிட "வாங்குகிறவர் இந்த ஊரில் ஏற்கெனவே என்ன வைத்திருக்கிறார்" என்று கேட்பது நல்லது. அதில் பாதி விடை வந்துவிடும்.

தமிழ்நாட்டில் எல்லா எஃப்.எம்.மும் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன?

எனக்குக் கோபம் வரும் கேள்வி இது. கேட்பவர் மேல் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2000-ல் நடந்த முதல் கட்ட ஏலத்தில் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 விழுக்காடு ஏறிக்கொண்டே போகும் என்று விதி. 108 அலைவரிசைகளை ஏலத்துக்கு வைத்தார்கள். ஒலித்தது அதில் சொற்பம், பலர் பாதியிலேயே ஓடிவிட்டார்கள். பிறகு முறையை மாற்றி, ஒரு தடவை நுழைவுக் கட்டணம், அதற்கு மேல் வருவாயில் பங்கு என்றார்கள். மூன்றாம் கட்டத்தில் மொத்த வருவாயில் 4 விழுக்காடு, அல்லது நுழைவுக் கட்டணத்தில் 2.5 விழுக்காடு, எது அதிகமோ அது. நஷ்டம் வந்தாலும் அந்த இரண்டரை விழுக்காட்டைக் கட்டியாக வேண்டும். கோடிகளைக் கொட்டி எடுத்தவர் "கர்நாடக இசைக்கு ஒரு நிலையம் வைப்போம்" என்று எப்படிச் சொல்வார்? எல்லோருக்கும் பிடிப்பது சினிமாப் பாட்டு, ஆகவே எல்லோரும் சினிமாப் பாட்டு.

கேட்பவர்களை அளக்கும் முறையும் ஒழுங்காக இல்லை. ராம் என்ற வானொலி நேயர் கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா என்று நான்கு நகரங்களில் நடத்தப்பட்டது. சென்னை அதில் கிடையாது. யார் கேட்கிறார்கள் என்று உறுதியாகத் தெரியாதபோது சிறு கூட்டத்துக்கென்று ஒரு நிலையத்தை நடத்தி, விளம்பரதாரரிடம் போய், "சார், குறைவான பேர்தான், ஆனால் உங்களுக்குத் தேவையானவர்கள்" என்று நிரூபிக்க முடியாது.

பாடல் ராயல்டியும் யாரையும் வேறு பக்கம் தள்ளவில்லை. பதிப்புரிமை வாரியம் 2010-ல் நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடு என்று ஒரே விகிதம் வைத்தது. அந்த ஏற்பாடு 2020 வரை நீடித்தது. எண்பதுகளின் மெலடி போட்டாலும் போன வாரப் பாட்டு போட்டாலும் கட்டும் விகிதம் ஒன்றுதான். ஆக, செலவைப் பார்த்து வேறு வகைக்கு மாறவும் காரணமில்லாமல் போயிற்று.

விளைவு, நம் ஊரில் நிலையத்துக்கு நிலையம் வித்தியாசம் என்பது எந்தப் பத்தாண்டுப் பாட்டு, யார் ஆர்.ஜே., யார் போனில் யாரைக் கலாய்க்கிறார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு ஆட்டோ பயணத்தில் ஒரே பாட்டு மூன்று நிலையங்களில் ஓடுவதை நானே கேட்டிருக்கிறேன். ஓட்டுநர் அலுக்காமல் நான்காவதற்குத் திருப்பினார்.

செய்தி எஃப்.எம். ஆகப்போகிறது என்கிறார்களே?

இல்லை. இந்தியாவில் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் எதுவும் மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு மாதிரியான தகவல்களுக்குத் தடையில்லை. இந்த விதி இருக்கும்வரை "செய்தி நிலையமாக மாறுகிறது" என்ற வதந்தியைத் திறக்காமலே அழித்துவிடலாம்.

நேயர்கள் எதிர்த்தால் பழைய பாணியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

இங்கே சட்டப்படி வழியில்லை. எந்த மாதிரிப் பாட்டு போட வேண்டும் என்று அனுமதிப் பத்திரம் கட்டளையிடுவதில்லை. அமெரிக்காவில் ஒரு கூட்டம் முயன்று பார்த்தது. நியூயார்க்கில் 104.3-ல் டபிள்யூ.என்.சி.என். என்று ஒரு மேற்கத்திய செவ்வியல் இசை நிலையம். 1974-ல் அதை ராக் இசைக்கு மாற்றினார்கள். நேயர்கள் சங்கம் அமைத்துப் போராட, வேறொரு நிறுவனம் வாங்கி 1975-ல் செவ்வியல் இசையைத் திரும்பக் கொண்டுவந்தது. சங்கம் அதோடு விடவில்லை. இசை வகை மாற்றத்தை அரசு ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1981-ல் தீர்ப்பு: அதைச் சந்தைக்கே விட்டுவிடும் ஆணையத்தின் முடிவு சரி. 1993 டிசம்பரில் அதே 104.3 மறுபடி ராக் நிலையமானது. இந்த முறை யாராலும் மீட்க முடியவில்லை.

அதே ஊரில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். 2005 ஜூனில் பழைய பாடல்களைத் திடீரென்று தூக்கிவிட்டு, ஆர்.ஜே.க்களே இல்லாத கலவைப் பாணிக்கு மாறியது. ஊரே திட்டியது. 2007 ஜூலையில் பழைய பாடல்கள் திரும்பி வந்தன. திட்டியதற்காக வரவில்லை, கேட்பவர் எண்ணிக்கை சரிந்ததற்காக.

வதந்தியா உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சன் டிவி, மிர்ச்சியை நடத்தும் நிறுவனம், மியூசிக் பிராட்காஸ்ட், இந்துஸ்தான் டைம்ஸ் குழுமத்தின் எச்.டி. மீடியா எல்லாம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவை. பெரிய பேரம் என்றால் மும்பை, தேசியப் பங்குச்சந்தைத் தளங்களில் அவர்கள் அறிவித்தே ஆக வேண்டும். அங்கே ஒரு வரிகூட இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும் என்றால் யோசிக்கலாம். அறிவிப்பு வந்திருந்தாலும் பிக் எஃப்.எம். கதையை நினைவில் வையுங்கள்.

பாணி மாற்றத்துக்கு அறிகுறிகள் வேறு. ஜிங்கிள் திடீரென்று காணாமல் போகும். விளம்பரமே இல்லாமல் "நான்ஸ்டாப்" என்று நாள் கணக்கில் பாட்டு ஓடும். ஆர்.ஜே. வழக்கமான விடைபெறுதலை விடக் கொஞ்சம் நீளமாக நன்றி சொல்வார். இதில் ஒன்று மட்டும் நடந்தால் கவலை வேண்டாம், மூன்றும் ஒரே வாரத்தில் நடந்தால் சந்தேகப்படலாம். ஆர்.ஜே. மட்டும் போனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் சம்பளம்தான். பெயர் சொல்லாமல் விடுகிறேன், நான் விரும்பிக் கேட்ட ஒரு மாலை நிகழ்ச்சி அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமையோடு நின்றது. முதலாளி மாறவேயில்லை.

இலங்கை சூரியனும் சென்னை சூரியனும் ஒரே முதலாளியா?

சம்பந்தமே இல்லை. இலங்கைச் சூரியன் எஃப்.எம். மூத்தது, 1998-ல் வந்தது. ஏசியா பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷனுடையது. சென்னைச் சூரியன் 2003-ல் வந்தது. இலங்கையில் உரிமம் எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதையும் அந்த நிறுவனம் பார்த்திருக்கிறது. 2007 அக்டோபரில், புலிகள் தாக்குதல் நடத்தியதாகத் தவறான செய்தி ஒலிபரப்பியதாகச் சொல்லி அதன் ஐந்து நிலையங்களின் உரிமத்தையும் அரசு ரத்து செய்தது.

சென்னைச் சூரியனுக்கும் சிக்கல் வராமல் இல்லை. 2015 ஏலத்தின்போது உள்துறை அமைச்சகம் சன் குழும வானொலிகளுக்குப் பாதுகாப்பு ஒப்புதல் தர மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ஏலத்தில் கலந்துகொண்டார்கள். முதலாளி யார் என்பது பாட்டை மாற்றாவிட்டாலும் டெல்லியில் கோப்பு நகரும் வேகத்தை மாற்றும்.

கோடை பண்பலையையும் விற்றுவிடுவார்களா?

கொடைக்கானல் 100.5, சென்னை ரெயின்போ 101.4 எல்லாம் அகில இந்திய வானொலியை நடத்தும் அரசு அமைப்பான பிரசார் பாரதியின் கீழ் வருபவை. தனியாருக்கு நேரத்தை வாடகைக்கு விட்டதுண்டு, 1990-களில், தனியார் எஃப்.எம். என்ற யோசனையே அப்படித்தான் முளைத்தது. நிலையத்தையே விற்றதில்லை. 2004-ல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 போன்ற சமுதாய வானொலிகளின் அனுமதியையும் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. மலை மேல் இருக்கிற கோடை பண்பலை மதுரை, திண்டுக்கல், திருச்சிப் பக்கமெல்லாம் எட்டும். தனியார் யாருக்கும் வாய்க்காத உயரம் அது.

என் ஊரில் ஒரு தனியார் எஃப்.எம்.கூட இல்லையே, மாறுவதற்கு?

2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. திண்டுக்கல், கரூர், தஞ்சாவூர், காரைக்குடி போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்த ஊர்களுக்கு ஆண்டுக் கட்டணம் வருவாயில் 4 விழுக்காடு மட்டும், இரண்டரை விழுக்காட்டுத் தொல்லை இல்லை. ஏலம் எடுக்க ஆள் வருவார்களா என்பது வேறு விஷயம்.

அடுத்து பெரிய மாற்றம் எப்போது?

2030. இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு மாறிய நிலையங்களின் அனுமதி 2015 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டுகளுக்கானது. அது 2030 மார்ச் 31 அன்று முடிகிறது. சென்னையில் இன்று நீங்கள் கேட்கும் எஃப்.எம்.களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வருகின்றன. அந்தத் தேதி நெருங்க நெருங்க, மீண்டும் பணம் கட்டித் தொடர்வதா, இருக்கும்போதே விற்றுவிட்டு வெளியேறுவதா என்று ஒவ்வொரு முதலாளியும் கணக்குப் போடுவார். வாட்ஸ்அப்பில் வரும் "வித்துட்டாங்களாம்" செய்திகளில் ஒன்றிரண்டு உண்மையாக இருக்கப்போவது அப்போதுதான்.